ஒரே புண்ணுக்கு மூன்று சிஸ்டர், மூன்று டிரெஸ்ஸிங்: எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே புண். அரசு மருத்துவமனையில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் ஒரு சிஸ்டர் பீட்டாடைன் வைத்துக் கட்டினார், அடுத்து வந்தவர் ஏதோ ஜெல்லைப் பிதுக்கி வைத்தார், இப்போது இருப்பவர் வெறும் சலைனில் நனைத்த காஸ் வைக்கிறார். டாக்டர் ரவுண்ட்ஸில் எட்டிப் பார்த்துவிட்டு ‘டெய்லி டிரெஸ்ஸிங்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார். நர்ஸ்கள் இதையெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறார்கள், ஏதாவது முறை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத கேள்வி ஒன்றும் அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அப்பாவின் காலை வைத்து ஆளாளுக்குச் சோதனை செய்கிறார்களா, நான் பயப்பட வேண்டுமா?

முறை உண்டு. ஆனால் நீங்கள் பார்த்த வித்தியாசம் முழுவதும் அந்த முறையால் வந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு பகுதி முறைப்படி வந்திருக்கும். ஒரு பகுதி அன்றைக்கு ஸ்டோரில் என்ன இருந்தது என்பதால் வந்திருக்கும். மீதி வெறும் பழக்கம். நான் அறுவைசிகிச்சை வார்டிலும், பிறகு சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண் பார்க்கும் ஓ.பி.யிலும் பல வருஷம் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ். உங்கள் அப்பாவின் காலை நான் பார்க்கவில்லை. அதனால் அந்த மூவரில் யார் செய்தது சரி என்று இங்கிருந்தபடி தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும், எது ஓடியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

சரி, ‘டெய்லி டிரெஸ்ஸிங்’ என்ற உத்தரவிலிருந்தே தொடங்கலாம். இந்த இரண்டு வார்த்தையில் டாக்டர் சொல்லாமல் விட்டது நிறைய. எதால் கழுவுவது, தேய்ப்பதா ஊற்றுவதா, ஈரமாக மூடுவதா உலர்வாக மூடுவதா, குழிக்குள் காஸ் வைப்பதா, எவ்வளவு இறுக்கிக் கட்டுவது, நனைந்துவிட்டால் சாயங்காலம் மறுபடி மாற்றுவதா, வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் தொடுவதா என்பதெல்லாம் டிராலியைத் தள்ளிக்கொண்டு வரும் நர்ஸின் முடிவு. ஆன்டிபயாடிக் எழுதுவது, செத்த சதையைக் கத்தியால் வெட்டி எடுப்பது, விரலை எடுக்க வேண்டுமா என்பதெல்லாம் டாக்டருடையது. பிரிட்டனில் புண் பராமரிப்புக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் உண்டு. அவர்களில் உரிய தகுதி உள்ளவர்கள் மருந்தும் எழுதலாம். நம் ஊர் வார்டில் அந்த அதிகாரம் கிடையாது. ஆனாலும் கட்டுப் பிரித்த புண்ணைத் தினமும் முழுசாகப் பார்ப்பவர் நர்ஸ்தான். ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் பெரும்பாலும் கட்டு மேலே இருக்கும். ‘சார், நேற்றைக்கு இப்படி இல்லை’ என்று அவர் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் கட்டைப் பிரிக்கச் சொல்வார்.

அனுபவமுள்ள நர்ஸ் எடுத்த எடுப்பில் புண்ணைப் பார்ப்பதில்லை. முதலில் ஆளைப் பார்ப்பார். காலையில் இட்லி சாப்பிட்டாரா, நேற்றுவரை பக்கத்துக் கட்டிலோடு பேசிக்கொண்டிருந்தவர் இன்று சுருண்டு படுத்திருக்கிறாரா, சார்ட்டில் சர்க்கரை எப்படி இருக்கிறது. இன்சுலினும் சாப்பாடும் அப்படியே இருக்க, சர்க்கரை மட்டும் திடீரென்று 300ஐத் தாண்டினால் உள்ளே கிருமி வேலை செய்கிறதோ என்ற சந்தேகம் வரும். அடுத்தது பழைய கட்டு. எத்தனை அடுக்கு நனைந்திருக்கிறது, கசிவு தெளிந்த நீரா, ரத்தம் கலந்ததா, பச்சையா? பச்சை நிறமும் ஒரு மாதிரி தித்திப்பான வாடையும் சேர்ந்தால் சூடோமோனாஸ் கிருமி நினைவுக்கு வரும்; அழுகல் நாற்றம் என்றால் காற்று புகாத இடத்தில் வளரும் கிருமிகள். கட்டின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘கட்டிலை விட்டு இறங்கவே இல்லை சிஸ்டர்’ என்று ஐயா சத்தியம் செய்வார். பேண்டேஜ் உள்ளங்கால் பக்கம் கறுத்துத் தேய்ந்திருக்கும். பாத்ரூம் வரைக்கும்தான் போனேன் என்று அப்புறம் ஒத்துக்கொள்வார். இதைக் கண்டுபிடிப்பது எந்த மருந்து வைப்பது என்பதைவிட முக்கியம். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

பிறகுதான் புண். கழுவாமல் எதையும் சொல்லக்கூடாது. முந்தின நாள் மருந்தும் கசிவும் சேர்ந்து எல்லாப் புண்ணும் ஒரே மாதிரித்தான் தெரியும். கழுவியபின் நான்கு விஷயம் பார்க்கச் சொல்லித் தருவார்கள்: புண்ணின் தரையில் என்ன சதை, கிருமி மிஞ்சியிருக்கிறதா, ஈரம் எவ்வளவு, ஓரம் நகர்கிறதா. இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘டைம்’ என்ற பெயரில் 2003இல் நிபுணர்கள் சிலர் எழுதினார்கள். இன்று உலகம் முழுக்கப் பாடத்தில் இருக்கிறது. தரையில் கறுப்பு என்றால் செத்துக் காய்ந்த சதை. மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருப்பது ஸ்லஃப். நோயாளியோடு கூட இருக்கும் அட்டெண்டர்கள் இதைச் சீழ் என்று நினைத்துப் பதறுவார்கள். துடைத்தால் வருவது சீழ்; துடைத்தாலும் விடாமல் தரையோடு பிடித்திருப்பது ஸ்லஃப். சிவப்பாக, சின்னச் சின்ன மணிகளாகத் தெரிந்தால் புதுச் சதை வருகிறது. அதிலும் தொட்டவுடன் ரத்தம் கசியும் கருஞ்சிவப்பை நம்பக்கூடாது. நல்ல புதுச் சதை அவ்வளவு எளிதில் ரத்தம் விடாது.

ஓரத்தைப் பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் புண் எந்தப் பக்கம் போகிறது என்பதை அங்கேதான் படிக்கலாம். ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் உள்நோக்கி ஊர்ந்து வந்தால் நல்ல செய்தி. ஓரம் தடித்துக் காய்ப்பு ஏறியிருந்தால் அந்த இடத்தில் இன்னும் அழுத்தம் விழுகிறது. வெகுநேரம் துணி துவைத்த விரல் மாதிரி வெளுத்து ஊறிப்போயிருந்தால் ஈரம் அதிகம். கட்டு கசிவைத் தாங்கவில்லை. ஓரத்துக்கு அடியில் புரோப் என்ற மெல்லிய கம்பி நுழைந்து போகிறது என்றால் வெளியே தெரியும் அளவைவிட உள்ளே புண் பெரிது. உள்ளே விட்ட உலோக புரோப்பில் கடினமாக எலும்பு தட்டுப்பட்டால், அது எலும்பு வரை கிருமி போயிருக்கலாம் என்பதற்கு வலுவான அறிகுறி. எக்ஸ்ரேயும் டாக்டரும் வரும்வரை அங்கே எந்த ஜெல்லும் பெரிய வித்தியாசம் செய்யாது.

இப்போது உங்கள் மூன்று டிரெஸ்ஸிங்குக்கு வரலாம். மூன்று வாரத்தில் புண் மாறும். முதல் வாரம் கிருமி மிஞ்சி, நாற்றத்தோடு ஒழுகிக்கொண்டிருந்தால் பீட்டாடைன் வைத்திருப்பார்கள். பிறகு ஒழுகல் நின்று, மஞ்சள் ஸ்லஃப் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதை ஊறவைத்து இளக்க ஜெல். அதுவும் போய்ச் சிவப்பாகத் தரை தெரிந்துவிட்டால் கிருமிநாசினியை நிறுத்திவிட்டு, புதுச் சதை உலராமல் இருக்க சலைன். இந்த வரிசையில் நடந்திருந்தால் மூவரும் ஒரே முறையைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள், மாறியது புண். அதே வாரத்தில், புண் அப்படியே இருக்க, ஷிஃப்டுக்கு ஒன்றாக மாறியிருந்தால் அதற்குக் காரணம் வேறு.

புண்ணை ஈரமாக வைப்பது என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். காற்றுப்பட விட்டால் காயும், பொருக்குத் தட்டினால் ஆறும் என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்தது. மருத்துவமும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் ஏற்படுத்தி, சிலவற்றைப் பிளாஸ்டிக் படலத்தால் மூடினார், சிலவற்றைத் திறந்து விட்டார். மூடி ஈரமாக இருந்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. அதற்குப் பிறகு பரவலான ஜெல், ஃபோம், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் எல்லாமே அந்த எண்ணத்தின் மேல் எழுந்தவைதான்.

ஆனால் இந்த விதியை மனப்பாடம் செய்துகொண்டு சர்க்கரை நோயாளியின் காலில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் ஆபத்து. விரல் நுனி கறுத்துச் சுருங்கிக் காய்ந்திருக்கிறது, காலில் ரத்த ஓட்டம் இல்லை என்றால் அதை நனைக்கவே கூடாது. நனைத்தால் காய்ந்த கேங்க்ரீன் (ரத்தமின்றிச் செத்த சதை) ஈரக் கேங்க்ரீனாகிக் கிருமி மேலேறும். குதிகாலில் காய்ந்து கெட்டியாக, அசையாமல், சுற்றிலும் வீக்கமில்லாமல் இருக்கும் கறுப்புப் பொருக்கையும் ரத்த ஓட்டம் தெரியாமல் சுரண்டக்கூடாது. அதனால் பாதப் புண்ணில் முதல் முடிவு மருந்தைப் பற்றியது அல்ல. ரத்தம் வருகிறதா என்பதுதான். பாதத்தின் மேலும், உட்கணுவின் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்ப்பது நர்ஸ் செய்யக்கூடியது, செய்ய வேண்டியது. சந்தேகம் வந்தால் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு, ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் டாப்ளர் கருவி வைத்து ஒப்பிடுவார்கள். விகிதம் 0.9க்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருந்தால் எண் 1.3, 1.4 என்று ஏறி நிற்கும், அதைப் பார்த்து ‘நார்மல்’ என்று ஏமாந்துவிடலாம். இறுக்கிக் கட்டுவதற்கும் இதே கணக்கு. வெரிகோஸ் நரம்பால் உட்கணுவுக்கு மேலே வரும் புண்ணுக்கு அழுத்திக் கட்டும் கிரேப் பேண்டேஜ்தான் மருந்தே. ஹோட்டலில் மாஸ்டராக, ஜவுளிக்கடையில் விற்பனையாளராக நாள் முழுக்க நின்றவர்கள் இந்தப் புண்ணோடு நிறைய வருவார்கள். அதே கட்டை ரத்த ஓட்டமில்லாத காலில் போட்டால் கால் போய்விடும்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளியின் பாதப் புண் ஆற நான்கு விஷயம் வேண்டும் என்பதில் எந்த ஊர் நிபுணருக்கும் கருத்து வேறுபாடு இல்லை: ரத்த ஓட்டம், கிருமிக் கட்டுப்பாடு, சர்க்கரைக் கட்டுப்பாடு, புண்ணின் மேல் எடை விழாமல் தடுப்பது. இதில் ஒன்று குறைந்தாலும் புண் ஆறாமல் நிற்கும். மாறாக, எந்த டிரெஸ்ஸிங் சிறந்தது என்பதற்கு அப்படிப்பட்ட உறுதி கிடையாது. பாதப் புண்ணுக்கான டிரெஸ்ஸிங்குகளை ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் மதிப்பாய்வுகள், ஒன்று மற்றொன்றைவிட நிச்சயமாக மேல் என்று சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்றுதான் முடித்தன. விலை கூடிய ஷீட் வாங்க முடியவில்லையே என்று நீங்கள் வருந்திக்கொண்டிருந்தால் அது தேவையில்லாத வருத்தம்.

பீட்டாடைன் சண்டை பழையது. சோதனைக்கூடத் தட்டில் அது கிருமியோடு சேர்த்துப் புதுச் சதையை உருவாக்கும் செல்களையும் கொல்கிறது. உடம்பில் உள்ள புண்ணில் அந்தச் சேதம் அதே அளவுக்கு நடக்கிறதா என்பதில் ஒற்றைக் கருத்து இல்லை. என் அபிப்பிராயம்: கிருமி மிஞ்சிய புண்ணில் கொஞ்ச நாளைக்கு வைக்கலாம், சிவந்து சுத்தமான புண்ணில் அதற்கு வேலை இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து ‘நல்லா வேலை செய்யுது’ என்பார்கள். தினசரி டிரெஸ்ஸிங்கில் அதை நான் விரும்புவதில்லை. தேனுக்கு ஆதரவான சான்று மிதமான தீக்காயத்தில் ஓரளவு இருக்கிறது, பாதப் புண்ணில் மங்கல். அதுவும் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். அண்ணாச்சி கடை பாட்டில் அல்ல. கழுவுவதற்குக் குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீரும் சலைனும் ஏறக்குறைய சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுங்கள்.

புண்ணிலிருந்து எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுப்பதிலும் நிறையக் குழப்பம் உண்டு. எல்லாத் திறந்த புண்ணிலும் கிருமி இருக்கும். பஞ்சை ஒற்றி அனுப்பினால் ஏதாவது ஒன்று வளரத்தான் செய்யும். அதைப் பார்த்து ஆன்டிபயாடிக் ஏற்றுவது தவறு என்று பாதப் புண் பற்றிய சர்வதேச வழிகாட்டிகள் தெளிவாகவே சொல்கின்றன. கிருமித்தொற்று என்பது கண்ணும் கையும் சொல்ல வேண்டிய முடிவு: வீக்கம், சூடு, வலி, புண்ணைச் சுற்றி அரை செ.மீ.க்கு மேல் சிவப்பு, சீழ் இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இருந்தால் கல்ச்சர் எந்த மருந்து என்று தேர்ந்தெடுக்க உதவும். சதைத் துணுக்கு எடுத்து அனுப்புவதுதான் நல்லது. பஞ்சில்தான் எடுக்க முடியும் என்றால் சலைனால் கழுவியபின், சுத்தமான தரையில் ஒரு சதுர செ.மீ. இடத்தில் ஐந்து வினாடி அழுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும். மேலே மிதக்கும் சீழைத் தொட்டு எடுத்து அனுப்பினால் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை.

இந்தச் ‘சிவப்பு’ என்ற அடையாளம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம் கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் நாள் கடந்துவிடும். இங்கே தோல் இன்னும் கருமையாகும், ஊதா பாயும், இழுத்துப் பிடித்த மாதிரிப் பளபளக்கும். அதனால் கையுறை போட்ட கையின் பின்புறத்தை வைத்து இந்தக் காலும் அந்தக் காலும் சூட்டில் வித்தியாசமா என்று பார்ப்போம். விரலால் அழுத்திக் கெட்டியாகிவிட்டதா என்று பார்ப்போம். நேற்றைய வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்திருந்தால் இன்று அது தாண்டியிருக்கிறதா என்று தெரியும். எனக்குத் தெரிந்தவரை வார்டில் மிக மலிவான, மிகப் பயனுள்ள கருவி அந்தப் பேனாதான்.

இங்கேதான் நர்ஸ் எடுக்கும் முடிவுகளில் கனமானது வருகிறது: டியூட்டி டாக்டரை இப்போதே கூப்பிடுவதா, காலை ரவுண்ட்ஸ் வரை பொறுப்பதா. சர்க்கரை நோயாளிக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம், வெள்ளணுக்கள் ஏறாமல் போகலாம். உணர்வு மரத்துப்போன காலில் திடீரென்று வலி வந்தால் அது முன்னேற்றம் அல்ல, அபாயம். பார்க்கப் புண் சின்னது, வலியோ தாங்கமுடியாமல் இருக்கிறது, தோலை அழுத்தினால் நறநறவென்று காற்றுக் குமிழி உடைகிறது என்றால் ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்கக்கூடாது. அறுவை வார்டில் இதற்கு இணையான ஓர் அடையாளம் உண்டு. வயிற்று ஆபரேஷன் முடிந்த ஐந்தாம், ஆறாம் நாள்வாக்கில், அதுவரை உலர்ந்திருந்த தையலில் திடீரென்று ரோஸ் நிறத் தண்ணீர் வழிந்து கட்டை நனைக்கும். புதிதாகச் சேர்ந்தவர் கட்டை மாற்றிவிட்டு ‘சோக்கேஜ்’ (கட்டு நனைந்தது) என்று எழுதுவார். பழகியவர் உள்தையல் பிரிந்துகொண்டிருக்கலாம் என்று சர்ஜனுக்கு ஃபோன் போடுவார், நோயாளியை முழங்கால் மடக்கிப் படுக்கவைப்பார். குடல் வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளாமல், சலைனில் நனைத்த ஸ்டெரைல் துணியால் மூடுவார். கண்ணுக்குப் பட்டது இருவருக்கும் ஒன்றுதான்.

இந்த வித்தியாசத்தைப் பற்றி பெட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1984இல் எழுதினார். புதியவர் விதியைப் பார்த்து நடக்கிறார், பல வருஷம் பார்த்தவர் முழுக் காட்சியையும் ஒரே பார்வையில் பிடிக்கிறார் என்று அந்தப் பயணத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். ‘ஏதோ சரியில்லை’ என்று சீனியர் அக்கா சொல்வது அதுதான். ஆனால் அந்த உள்ளுணர்வைக் கும்பிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பழக்கம் சரியான பாடத்தையும் சொல்லிக்கொடுக்கும், தவறான பாடத்தையும் சொல்லிக்கொடுக்கும். அப்புறம், இரவு இரண்டு மணிக்கு ‘சார், ஏதோ சரியில்லை’ என்று சொன்னால் ஹவுஸ் சர்ஜன் எழுந்து வரமாட்டார். ‘வீக்கம் வரைந்த கோட்டைத் தாண்டி மூன்று செ.மீ. ஏறியிருக்கு, நாடித்துடிப்பு 118, சர்க்கரை 340’ என்றால் வருவார். உணர்ந்ததை எண்ணாக மாற்றத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல நர்ஸ் என்பேன்.

எடை விழாமல் தடுப்பதற்கு வருகிறேன். சர்க்கரை நோய் கால் நரம்பைக் கெடுத்துவிட்டால் வலி தெரியாது. உள்ளங்காலில் பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்போம்; அது தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று பொருள். வலி இருந்தால் நாம் தானாகவே நொண்டி நடந்து புண்ணைக் காப்போம். வலி இல்லாதவர் ஒவ்வொரு அடியிலும் புதுச் சதையை நசுக்குகிறார். இந்தப் பாடம் தொழுநோயாளிகளின் காலிலிருந்து வந்தது. அதில் நம் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1930களிலேயே இலங்கையில் டாக்டர் மில்ராய் பாலும், இந்தியாவில் டாக்டர் ஜோசப் கானும் அந்தப் புண்களின் மேல் எடை விழாதபடி மாவுக்கட்டுப் போட்டு, நடக்கவிட்டே ஆற்றினார்கள். வேலூர் சி.எம்.சி.க்கு 1946இல் வந்த பால் பிராண்ட், புண்ணுக்குக் காரணம் நோய்க்கிருமி சதையை அரிப்பதல்ல, வலி தெரியாத காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் என்று நிறுவினார். 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த மாவுக்கட்டு முறையையும் கொண்டுபோனார்; இன்று உலகம் முழுக்கச் சர்க்கரைப் பாதப் புண்ணுக்கு அதுவே சிறந்த வழிகளில் முதலாவதாக இருக்கிறது. நம் ஊரில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மென்மையான ரப்பர் செருப்பும் வேலூரிலும், அதன் அருகே கரிகிரி தொழுநோய் மையத்திலும் நடந்த வேலையிலிருந்து வந்ததுதான். அதனால்தான் கட்டின் அடிப்பக்க அழுக்கு எனக்கு முக்கியம். அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நடக்கிறவர் காலில் எந்த ஜெல்லை வைத்தாலும் வீண்.

இனி முறையில்லாத பகுதி. ஜெல் ஸ்டோரில் சில வாரம் இருக்கும், சில வாரம் இருக்காது. இல்லாத நாளில் சலைன் காஸ்தான். ஒரு நர்ஸுக்கு நாற்பது நோயாளி என்ற இரவில் புரோப் வைத்து ஓரம் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. சில யூனிட் சீஃப்களுக்கு ஒரு மருந்து பிடிக்கும். அவர் ரவுண்ட்ஸ் வரும் நாளில் அது இருக்கும். நர்ஸ்கள் சந்தேகம் வந்தால் புத்தகத்தைவிடப் பக்கத்தில் நிற்கும் சக நர்ஸைத்தான் கேட்கிறார்கள் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின, இங்கேயும் அதேதான். எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஒரு வார்டில் கேஸ் ஷீட்டில் ‘டிரெஸ்ஸிங் டன்’ என்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது. நீளம், அகலம், ஆழம், தரையின் நிறம் எதுவும் எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் முதலிலிருந்து யூகிக்க வேண்டியதுதான். அளவு எதற்கு என்றால், நான்கு வாரத்தில் பரப்பு பாதியாவது குறையாத பாதப் புண் பன்னிரண்டு வாரத்தில் மூடும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நான்காவது வாரத்தில் ஒரே மருந்தைத் தொடர்வதா, முழுசாக மறுபரிசீலனை செய்வதா என்பது இந்த எண்ணை நம்பியிருக்கிறது. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தை நெருங்குகிறார்.

அதனால் நாளைக்குச் சிஸ்டரிடம் ‘ஏன் மருந்தை மாத்துறீங்க’ என்று கேட்காதீர்கள். அது குற்றச்சாட்டாகக் காதில் விழும். ‘போன வாரத்துக்கு இப்ப எவ்வளவு குறைஞ்சிருக்கு சிஸ்டர், எழுதி வெச்சிருக்கீங்களா?’ என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால், கட்டுப் பிரித்திருக்கும்போது பக்கத்தில் ஒரு பேப்பர் ஸ்கேலை வைத்து வாரம் ஒருமுறை போட்டோ எடுத்துக்கொள்ள அவரிடமே அனுமதி கேளுங்கள். காலில் நாடி பார்த்தார்களா, எலும்பு எக்ஸ்ரே எடுத்தார்களா, எடை விழாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்தது சாப்பாடு. முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும், மீன் ஆகாது, கத்தரிக்காய் அரிக்கும் என்று வீட்டில் நிறுத்திவைத்திருந்தால் முதலில் அதை விடுங்கள். புதுச் சதை புரதத்தில்தான் வளரும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறது என்று டாக்டர் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் அவர் சொல்லும் அளவு. பீடி, சிகரெட் இருந்தால் அதுவும் ரத்த ஓட்டக் கணக்கில்தான் வரும்.

புண்ணைச் சுற்றிய வீக்கம் மேலேறினாலோ, புது இடம் கறுத்தாலோ, நாற்றம் திடீரென்று கூடினாலோ, மரத்த காலில் வலி வந்தாலோ, ஆள் குழப்பமாகப் பேசினாலோ, எந்த நேரமாக இருந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. டிஸ்சார்ஜ் ஆனபின் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிரெஸ்ஸிங் தொடரலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு 2021 முதல் நடக்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர் வீட்டுக்கே வருவார், அவரிடமும் காலைக் காட்டுங்கள். கடைசியாக எடுத்த அளவு, கடைசியாக வைத்த மருந்து, கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றையும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். முதல் ரிவ்யூவுக்குப் போகும்போது அப்பா போடப்போகும் செருப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். அதை அவர் காலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நடக்க அனுமதிக்க வேண்டும்.